அச்சகக்காரர் நிரப்பிய பக்கம்

போன வாரம் அம்மாவை அச்சகத்து வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், கால் கடுத்திருக்கும். முதலில் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைப்போம்.

இன்றுதான் புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, லென்ஸ் மாட்டி அனுப்பிய நேரம் போக, செல்போனில் கவிதை எழுதிக்கொண்டிருந்தாள். இது மகளுக்குத் தெரிந்துபோனது. மகளுக்குத் தெரிந்த பிறகு சும்மா விடுவாளா?

"புத்தகமாப் போடறோம்" என்று குதித்தாள்.

ஒரு பதிப்பகம், "கவிதையா?" என்று உதட்டைப் பிதுக்கியது. இன்னொன்று, தாராளமாகப் போடலாம், பாதிப் பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று தேனொழுகப் பேசியது. மகள் சளைக்கவில்லை. பில் புத்தகமும் நோட்டீஸும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தைத் தேடிப் பிடித்தாள். வேறு யாருக்கோ அடித்து மிஞ்சிய தாள், மலிவு விலை. அச்சடித்துக் கொடுப்பதோடு அச்சகக்காரர் வேலை முடிந்தது. மடிப்பது, அடுக்குவது, தைப்பது எல்லாம் வீட்டிலேயே. கைக்கு அடக்கமாகச் செலவு முடிந்துவிடும்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். புத்தகமாகிக் கைக்கு வரும்வரை வீட்டில் யாரும் ஒரு வரி படிக்கக் கூடாது.

"சரிம்மா, கல்யாணம் முடியறவரைக்கும் பொண்ணு முகத்தைப் பார்க்கக் கூடாதுன்ற மாதிரி" என்று மகள் சிரித்தாள். சிரித்தாலும் வாக்குக் காப்பாற்றினாள். நேற்றுவரை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பழைய போர்வையைத் தரையில் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு பெரிய தாளில் இந்தப் புறம் எட்டு, அந்தப் புறம் எட்டு என்று பதினாறு பக்கங்களை அடித்துவிடுவார்கள். விரித்துப் பார்த்தால் பாதிப் பக்கம் தலைகீழாக நிற்கும். முறைப்படி மூன்று தடவை மடித்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். இதற்கு அச்சகத்தில் ஃபாரம் என்று பெயர். அம்மாவின் புத்தகத்துக்கு நாலு ஃபாரம். மூன்றை நேற்றே மடித்து, மேலே இஸ்திரிப்பெட்டியைப் பாரமாக வைத்தாயிற்று. நாலாவது, இன்று காலைதான் அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது.

"மூலைக்கு மூலை ஒட்டணும். லிஃப்ட் கதவு மூடுற மாதிரி" என்றார்.

"ஆமா, உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கதையைத் தொகுத்தா அதுவே தனிப் புத்தகம் போடலாம்" என்றாள் மகள்.

"என் பொழைப்பைக் கிண்டல் பண்ணாதே. அந்த லிஃப்ட்தான் உனக்குச் சோறு போட்டுச்சு."

மகள் ஸ்பூனின் காம்பால் மடிப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். வெள்ளிக்கிழமை இரவு தனியாக வந்து இறங்கியவள். மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டதற்கு, "வேலைம்மா" என்றதோடு சரி. நாளைக் காலையிலேயே கிளம்ப வேண்டுமாம். பக்கத்தில் வைத்த காபி ஏடு படிந்து ஆறிப்போயிருந்தது. வியர்வையில் வழுக்குகிறது என்று கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பிளஸ் பவர். கிட்டத்தில் இருக்கிற எழுத்து கண்ணாடி இல்லாவிட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். அம்மாவே சோதித்து, அம்மாவே மாட்டிவிட்ட கண்ணாடி அது.

அப்போதுதான் அம்மாவின் போன் அடித்தது. அச்சகக்காரர். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பேசினாள்.

"அம்மா, தாள் வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சு சார். மடிச்சுக்கிட்டே இருக்கோம்."

"கடைசிப் பக்கம் பார்த்தீங்களா?"

"கடைசிப் பக்கம் காலிதானே சார். புரூஃப்லயே பார்த்தேனே."

"நல்லா இருக்கே! வெள்ளைத் தாளை அப்படியே விட்டா எனக்கு மனசு ஆறுமா? உங்க ஃபைல்ல கீழ நட்சத்திரம் நட்சத்திரமாப் போட்டு, அதுக்கும் கீழ ஒண்ணு தனியாக் கெடந்துச்சே, பஸ்ல போயிட்டு வர்ற மாதிரி. அதைத் தூக்கி வெச்சேன். அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துடுச்சு."

அம்மா அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எங்க வீட்டம்மா படிச்சிட்டு அழுதுட்டாங்கன்னா பாத்துக்கோங்களேன்" என்றார் அவர் பெருமையாக. "அட்டை மத்தியானத்துக்குள்ள ரெடியாயிடும். சாரை வரச் சொல்லுங்க."

நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அம்மாவின் தலையில் கல்லைப் போட்டுவிட்டார். அந்த நட்சத்திரங்களை அவள் அலங்காரத்துக்கா போட்டாள்? அதற்குக் கீழே இருப்பது புத்தகத்துக்கு இல்லை என்று தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி அது. அந்தக் கவிதையை அழிக்க மனசு வரவில்லை. அங்கேயே விட்டுவைத்தாள். அனுப்பும்போது அதை வெட்டி எடுக்க மறந்துபோனாள். மறதிக்கு ஒரு நேரம் காலம் கிடையாதா!

கூடத்துக்கு வந்தாள். கட்டின் மேல் கிடந்த ஒரு தாளைச் சும்மா எடுப்பது போல எடுத்து, முதுகைக் காட்டி நின்று ஓரத்தைத் திருப்பினாள். இருந்தது.

*கலைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.*
*போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது.*
*திரும்பும்போதும் கிடைத்தது.*
*இரண்டு முறையும்*
*ஒருத்திக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.*
*கண்டக்டர் கண்ணில் படாமல்*
*நீயும் ஏறி வந்தாய்,*
*என் இரண்டாவதே.*

அம்மா தாளை எடுத்த வேகத்திலேயே கட்டின் மேல் பழையபடி வைத்தாள்.

அவளுக்கு இரண்டாவது பிள்ளை யார்? எதிரே உட்கார்ந்து ஸ்பூனால் தேய்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

பெரியவன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம் அது. அப்பா லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து, இடுப்பிலிருந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். வேலை போய்விடும் போலிருந்தது. அந்த நேரத்தில் இன்னொன்று என்று தெரிந்தபோது அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனாள். அன்றே திரும்பி வந்தாள். இதுவரை அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

இத்தனை வருஷம் மூடி வைத்தது இப்போது கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதுவும் கடைசிப் பக்கம். மடித்து முடித்தால் அது உள்ளேயும் போகாது, ஃபாரத்தின் முதுகில் வெளியே தெரிகிற மாதிரி நிற்கும். மகள் மடித்து மடித்து முன்பக்கம் மேலே வரும்படி அடுக்கிக்கொண்டிருந்ததால் அது தரையைப் பார்த்துப் படுத்திருந்தது. ஒன்றைத் திருப்பினால் போதும், எல்லாம் முடிந்தது.

"இந்த ஃபாரத்தை நான் மடிச்சுக்கறேன். நீ போய்ப் படுடி. முகமே வாடியிருக்கு" என்றாள் அம்மா.

"அது மட்டும் என்ன ஸ்பெஷல்? மூணு மடிச்சவளுக்கு நாலாவது மடிக்கத் தெரியாதா?"

"இல்லே, முதுகு வலிக்குமேன்னு."

"வலிக்கலை. உக்காரும்மா, இதுவும் முடிஞ்சா தைக்க ஆரம்பிச்சுடலாம்."

அம்மா உட்கார்ந்தாள். கை மடித்தது, கண் மட்டும் ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடியை விட்டு நகரவில்லை. அது அங்கே இருக்கும்வரை பயமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கிழித்துவிடலாமா? அந்தப் பக்கத்தின் மறுபுறம்தான் அப்பாவைப் பற்றி எழுதியது, அவளுக்கே பிடித்த கவிதை. அதோடு, அந்த ஒற்றைத் தாளைக் கிழித்தால் மடிப்பில் அதோடு சேர்ந்த முதல் தாளும் பிடிப்பில்லாமல் கழன்று விழும். மேலே வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாமா? ஒட்டலாம். ஆனால் ஏன் ஒட்டுகிறாய் என்று இந்த இரண்டு பேரும் கேட்பார்களே, என்ன சொல்வது?

அவள் யோசித்து முடிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இதென்ன, அடுக்கு ஒரு பக்கமா வீங்கிக்கிட்டே போகுது? ஒண்ணு நிமிர்த்தி, ஒண்ணு கவிழ்த்து வைக்கணும். அப்பத்தான் சரியா நிக்கும்." சொல்லிக்கொண்டே ஒரு பிடி ஃபாரங்களை எடுத்து மல்லாத்தினார்.

"ஐயோ, வேண்டாங்க!"

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா கையிலிருந்ததைக் கீழே போட்டார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பின்பக்கம் அழுக்காயிடும்" என்றாள் அம்மா. குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. பாய்ந்து போய் எல்லாவற்றையும் திருப்பி வைத்தாள்.

"அழுக்காகறதுக்கு இங்க என்ன சேத்துலயா உக்காந்திருக்கோம்?" அப்பா முணுமுணுத்தார். "புத்தகம் போடறதுக்குள்ள இவளுக்குப் பித்துப் பிடிச்சிடும் போல."

மகள் குனிந்தாள். அடுத்த தாளை எடுத்தாள். கண்ணாடி ஜன்னலில்தான் இருந்தது. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அட்டை தயாராகிவிட்டதாம் என்று சொல்லி அப்பாவைக் கிளப்பி அனுப்பினாள். மத்தியானம்தானே சொன்னார் என்றவரை, "போய் நின்னாத்தான் சீக்கிரம் ஆகும்" என்று விரட்டாத குறையாக விரட்டினாள். ஒரு ஆள் குறைந்தால் ஒரு பங்கு பயம் குறையும் என்று கணக்கு. குறையவில்லை.

மகளின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஆம் என்றும் சரி என்றும் மட்டும் சொல்வது கண்ணாடிக் கதவு வழியாக உதட்டசைவில் தெரிந்தது.

அம்மா எழுந்தாள். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து அடுக்கின் மேலே பிடித்தாள்.

கை தவறிக் கொட்டிவிட்டது என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? நாலாவது ஃபாரம் ஊறிப் போகும். அந்த மிஞ்சிய தாள் இதோடு தீர்ந்துவிட்டது என்று அச்சகக்காரர் சொல்லியிருந்தார். புத்தகம் வராது. வராவிட்டால் போகிறது, இத்தனை நாள் வராமல்தானே இருந்தது? மகள் மிஞ்சினால் போதும். சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புவரை வந்து தளும்பியது.

பால்கனிக் கதவு திறந்தது.

"தண்ணியா? எனக்கா? குடும்மா, தொண்டை வறண்டு போச்சு." மகள் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள். மிச்சம் வைக்கவில்லை. குடித்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். உள்ளே குழாய் நெடுநேரம் ஓடியது.

மற்ற நாளாக இருந்தால் அம்மா கதவைத் தட்டியிருப்பாள். இன்று அவளுக்குத் தன் பாடே பெரும்பாடு. கிடைத்த நேரத்தில் ஒட்டுவதற்குப் பசை தேடி அடுப்படி அலமாரியைப் புரட்டினாள். பசை டப்பா கிடைத்தது, உள்ளே காய்ந்து கட்டியாகியிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மகள் போர்வையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஃபாரம், பின்பக்கம் மேலே. மூக்கில் கண்ணாடி இருந்தது.

அம்மா பசை டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"எப்படி..." என்றாள்.

"அப்பா மல்லாத்தினாரே, அப்பவே பார்த்துட்டேன்மா."

"கண்ணாடி போடலியே நீ!"

"பக்கம் நிறையணும்னு எழுத்தைப் பெரிசா வெச்சிருக்காரும்மா உன் அச்சகக்காரர். பாரேன், கண் டாக்டர் சுவத்துல மாட்டற போர்டு மாதிரி. உனக்கு இது கூடத் தெரியலியா?"

அம்மா பார்த்தாள். உண்மைதான். எந்த எழுத்தை எந்தக் கண் படிக்கும் என்று காலமெல்லாம் கடையில் நின்று பார்த்தவளுக்கு, சொந்தக் கவிதையின் எழுத்து எவ்வளவு பெரிசு என்பது பயத்தில் கண்ணில் படவே இல்லை. அப்பா மல்லாத்தியதிலிருந்து இவள் எல்லாம் தெரிந்துகொண்டே மடித்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டே முன்பக்கம் மேலே வரும்படி அடுக்கியிருக்கிறாள்.

"படிக்க மாட்டேன்னு சொன்னேன். சாரிம்மா" என்றாள் மகள்.

இதற்கு அவள் கத்தியிருக்கலாம். அம்மாவுக்கு அதுகூடத் தேவலை என்றிருந்தது.

மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏன் திரும்பி வந்தே?"

பொய் ரெடியாக இருந்தது. கவிதையே அதை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்திருந்தது. உன்னை நினைச்சேன், மனசு கேக்கலை, வந்துட்டேன். இப்படிச் சொன்னால் மகள் கட்டிக்கொண்டு அழுவாள். எல்லாம் சுபம். அச்சகக்காரர் வீட்டம்மா அழுததும் அதை நம்பித்தான்.

அம்மா எதிரே மடங்கி உட்கார்ந்தாள். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டர் வரலை."

மகள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அந்த டாக்டர் லீவு. நாளைக்கு வாங்கன்னாங்க. அதனால திரும்பி வந்தேன். நீ நினைக்கிற மாதிரி எல்லாம் இல்லேடி."

"மறுநாள்?"

"போகலை."

"ஏன் போகலை?"

"தெரியலை. சத்தியமாத் தெரியலை. எழுந்தேன், அண்ணனுக்குப் பால் காய்ச்சினேன். பஸ் வர்ற நேரம் ஆச்சு, பஸ் போயிடுச்சு. போறதுக்கும் பயம், போகாம இருக்கறதுக்கும் பயம். பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்படியே நாள் ஓடிப்போச்சு. நீ பொறந்தே." அம்மா மகளின் முழங்காலைத் தொட்டாள். "பொறந்தப்புறம் உன்னை ஒரு நாளாவது வேண்டாம்னு நினைச்சிருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

"சும்மா இரு. அப்புறம் கடைக்கு யார் போறது?"

சொல்லிவிட்டு மகள் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. மடியிலிருந்த ஃபாரத்தை எடுத்து, முன்பக்கம் மேலே வரும்படி அடுக்கில் வைத்து, மூலைக்கு மூலை தட்டிச் சரி செய்தாள்.

"நல்லவேளை, பாசத்தால வந்தேன்னு சொல்லலை. சொல்லியிருந்தா உன்கிட்ட ஒண்ணும் பேசாம நாளைக்கு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

"எங்கே போயிருப்பே?"

"காலையில ஒரு டாக்டரைப் பார்க்கணும்மா."

ஆறிப்போன காபி. மூடிய பால்கனிக் கதவு. ஓடிக்கொண்டே இருந்த குழாய். வெள்ளிக்கிழமை தனியாக வந்து இறங்கியது. தாளை மூன்று தடவை மடித்ததும் தலைகீழாய் நின்ற பக்கமெல்லாம் வரிசைக்கு வருமே, அப்படி எல்லாம் வந்து அம்மாவின் முன்னால் நின்றன. காலையிலிருந்து அம்மா பயந்தது ஒன்றுக்கு. பயப்பட வேண்டியது எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு?"

"தெரியாது. இப்போதைக்குச் சொல்றதா இல்லை. ஏன்னு கேக்காதே, சொல்ற மாதிரி இருந்தா நானே சொல்லுவேன்." மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா. நாளைக்குக் கூட வர்றியா?"

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. மாடிப்படியில் அப்பாவின் தாங்கித் தாங்கி ஏறுகிற காலடி கேட்டது. "அட்டை வந்தாச்சு, கதவைத் திறங்க! என்ன கலரு, என்ன கலரு!" என்று அங்கிருந்தே கூவிக்கொண்டு வந்தார்.

அம்மா மகளின் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். பசை விரலெல்லாம் ஒட்டியது.

"வர்றேன்" என்றாள். "நீ உள்ளே போனாலும் வர்றேன், வாசல்லயிருந்து திரும்பினாலும் வர்றேன்." பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். "ஒருவேளை நாளைக்கு அந்த டாக்டரும்..."

"இவங்க வருவாங்கம்மா" என்றாள் மகள். "பால்கனியில பேசினேனே, ஆஸ்பத்திரியிலேர்ந்து அதைத்தான் சொன்னாங்க."